ஆறில் நாலு போதும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. என் வேலையைப் பற்றி யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் அவர்களை லேசில் விடமாட்டேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டால் போதும், என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு சாம்பாரில் கவனம் செலுத்த ஆரம்பித்துவிடுவார். பாயசம் வருகிறவரை அந்த மனிதருக்கு விமோசனம் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

ஊரார் கோப்புகள் தொலையாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. பதினைந்து வருஷமாக அதே வேலை. ஹார்ட் டிஸ்க் என்பது சாகப் பிறந்த சாமான். எங்கள் ஆபீஸில் ஒன்று செத்தால் யாரும் துக்கம் கொண்டாடுவதில்லை, எந்நேரமும் எங்கோ ஒன்று செத்துக்கொண்டுதான் இருக்கும். அப்படிச் சாகிற சாமான்களை வைத்துக்கொண்டு சாகாத சேமிப்பைக் கட்டுவதற்கு ஒரு வித்தை இருக்கிறது. அது எனக்கு முழுசாகப் புரிந்த அன்று, தாம்பரத்தில் இறங்க வேண்டிய நான் பஸ்ஸிலேயே உட்கார்ந்து வண்டலூர் வரை போய்விட்டேன். மனசுக்குள் சமன்பாடு ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் திட்டியதுகூட இனிமையாக இருந்தது.

அந்த வித்தையை ஆபீஸுக்கு வெளியே, எனக்கு வேண்டிய ஒருத்திக்காகச் செய்து பார்க்கிற பாக்கியம் போன வருஷம் கிடைத்தது.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு நடக்கும் அறை ஒன்று உண்டு. சனிக்கிழமை மதியங்களில் நாங்கள் ஆறு பேர் அங்கே கூடி, பாடப் புத்தகங்களைச் சத்தமாக வாசித்துப் பதிவு செய்வோம். முடியாத வாரங்களில் வீட்டிலிருந்தே வாசித்து அனுப்புவோம். எல்லாம் ஒரே ஒருத்திக்காக. அவளுக்குப் பார்வை கிடையாது. வரலாற்றில் எம்.ஏ. படித்துவிட்டு ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தாள். அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கான தேர்வை எழுத வேண்டும் என்பது அவள் பிடிவாதம். வயது வரம்புப்படி இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. என்னைவிட ஏழு வயது சின்னவள். என்னை அக்கா என்பாள், நான் வாசித்ததில் தப்பு கண்டுபிடித்தால் மட்டும் மேடம் என்பாள்.

நாங்கள் வாசித்ததைக் கேட்டுவிட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் அவளே தன் குரலில் குறிப்பு சொல்லிப் பதிந்து வைப்பாள். இரண்டு வருஷத்தில் பாடங்களும் குறிப்புகளுமாக அது ஒரு மலையாகிவிட்டது. அவளுடைய போனில் அந்தந்த வாரத்துக்கானது மட்டும்தான் கொள்ளும். மற்றதெல்லாம் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கில். ஒருநாள் அது எங்களில் ஒருவரான கணக்கு டீச்சரின் கைப்பையிலிருந்து வழுக்கி மொசைக் தரையில் விழுந்தது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். இனி இது என் பொறுப்பு என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

"இன்டர்நெட்ல மாச வாடகைக்கு எடம் வாங்கிடலாமே" என்றார் பெருங்களத்தூரிலிருந்து வரும் சார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், தமிழ் வாசிப்பில் கில்லாடி.

எனக்குச் சுருக்கென்றது. "நாள் பூரா அடுத்தவங்க ஃபைலுக்குக் காவல் இருக்கேன். நம்ம ஃபைலை நானே பாத்துக்க மாட்டேனா சார்?"

எங்களிடம் இருந்ததெல்லாம் பரணில் கிடந்த, பேட்டரி செத்த ஆறு பழைய லேப்டாப்கள். எதிலும் பெரிய இடம் இல்லை. எல்லாவற்றையும் மூன்று பிரதி எடுத்து வைப்பதென்றால் மூன்று பங்கு இடம் வேண்டும், அதற்கு வழியில்லை. நான் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனேன். என் கணவர் இருந்திருந்தால் அப்போதே எழுந்து டீக்கடைக்குப் போயிருப்பார்.

"ஒரு பாடத்தை நாலு துண்டா வெட்டறோம். கணக்குக்காக நாலு எண்ணுன்னு வெச்சுக்கோங்க. ஏழு, மூணு, அஞ்சு, ரெண்டு. நாலு வீட்ல நாலு எண். அஞ்சாவது வீட்ல இதோட கூட்டுத்தொகை, பதினேழு. ஆறாவது வீட்ல இன்னொரு மாதிரி கூட்டறோம். முதல் எண்ணை அப்படியே, ரெண்டாவதை ரெண்டு மடங்கா, மூணாவதை மூணு மடங்கா, நாலாவதை நாலு மடங்கா. முப்பத்தாறு வரும். இப்ப ரெண்டு வீடு போயிடுச்சு." மூன்றையும் ஐந்தையும் உள்ளங்கையால் அழித்தேன். "கண்டுபிடிங்க பாப்போம்."

கணக்கு டீச்சர் என் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்காத குறைதான். "இது ஒருங்கமை சமன்பாடுங்க! ஒன்பதாங்கிளாஸ்!" என்று சொல்லிக்கொண்டே, பதினேழிலிருந்து ஒன்பதைக் கழித்தார், முப்பத்தாறிலிருந்து பதினைந்தைக் கழித்தார், இரண்டு வரி எழுதினார். மூன்றும் ஐந்தும் திரும்பி வந்து நின்றன. தானே பெற்றெடுத்த மாதிரி ஒரு சிரிப்பு டீச்சருக்கு.

யாருக்காக இத்தனை பாடோ, அவள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினாள். "நீங்க சொல்ற ரெண்டு வீடு போனா மட்டுமா? இல்ல, எந்த ரெண்டு போனாலுமா?"

"எந்த ரெண்டு போனாலும்!" நான் கத்தியே விட்டேன். "ஆறுல எந்த நாலு இருந்தாலும் முழுப் பாடமும் திரும்ப வரும். ஒண்ணரை மடங்கு எடம்தான் செலவு. இதுக்குப் பேர் எரேஷர் கோடிங்."

எரேஷர் என்றால் ரப்பர்தானே என்று அன்றிலிருந்து எங்கள் குழுவில் அதற்கு ரப்பர் திட்டம் என்று பெயர் நிலைத்தது. துண்டு என்ற சொல்லும் நிலைக்கவில்லை. "என் துண்டு உங்க வீட்ல இருக்கு" என்று யாராவது சொன்னால் குளித்துவிட்டு விட்டுவந்த துண்டு மாதிரி இருக்கிறது என்று ஒரே சிரிப்பு. அதனால் நான்தான் பங்கு என்று மாற்றினேன். ஆளுக்கு ஒரு பங்கு. எவ்வளவு அழகான சொல் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கத்தோலிக்கர்களாகிய எங்களுக்குப் பங்கு என்றால் நாங்கள் சேர்ந்த கோயில் வட்டாரம் என்றும் ஓர் அர்த்தம் இருப்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

பெருங்களத்தூர், முடிச்சூர், குரோம்பேட்டை, கூடுவாஞ்சேரி, செம்பாக்கம், சேலையூரில் என் வீடு. ஆறு வீட்டிலும் இன்டர்நெட்டில் கோத்து ஆறு லேப்டாப் உட்கார்ந்தது, அவள் போனில் கேட்கிற பாடம் அவற்றிலிருந்து போகும். முடிச்சூரிலிருந்து வரும் நர்ஸம்மா அதற்குத் தூசி படக் கூடாதென்று கம்பளி போர்த்தி வைத்திருந்தார். வெந்துபோகும் என்று கெஞ்சி எடுக்க வைத்தேன். முதல் சோதனையன்று இரண்டு வீட்டில் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். யார் யார் என்று சீட்டுப் போட்டு எடுத்தோம். அவள் போனில் பாளையக்காரர் பாடத்தைத் தொட்டாள். ஒரு விநாடி மௌனம். அப்புறம் நர்ஸம்மாவின் குரல் கணீரென்று வந்தது. அந்தக் குரலின் பாதி அப்போது இந்த உலகத்தில் எங்கேயும் இல்லை, மிச்சத்திலிருந்து கணக்குப் போட்டுப் பிறந்து வந்தது! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது. கீழே விழுந்த அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க் அடுத்த மாசமே உயிரை விட்டது, யாரும் துக்கம் கொண்டாடவில்லை.

அப்புறம் மழை வந்தது.

தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. பள்ளிகளுக்கு லீவு விட்டார்கள், எங்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள், அடுத்த நாள் கரண்ட் போய் அந்த வேலையும் நின்றது. இரண்டு நாளாக எந்த வீட்டு லேப்டாப் ஓடுகிறது, எது ஓடவில்லை என்று பார்க்க வழியில்லை. போனில் மட்டும் அவ்வப்போது சிக்னல் வரும். அப்படி வந்த ஒரு நேரத்தில் எங்கள் வாட்ஸாப் குழுவில் நர்ஸம்மா எழுதியிருந்தார்: "ஏரியாவில் தண்ணி ஏறுது. என் பங்கை செம்பாக்கத்துக்கு மாத்திட்டேன்."

முடிச்சூரில் தண்ணீர் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்ச் செம்பாக்கத்துப் பக்கம் குடிபோகிறார், அங்கே உள்ள கோயிலுக்குப் பங்கை மாற்றிக்கொண்டார் என்று நினைத்தேன். கீழே பெருங்களத்தூர் சார்: "எங்கள் கீழ்த்தளத்திலும் ஆபத்து. என் பங்கும் இனி செம்பாக்கமே." அடடா, ஆளாளுக்குக் கோயிலை மாற்றுகிறார்களே, நம் பங்குச் சாமியாரோடு ஏதாவது மனஸ்தாபமோ என்று ஒரு கணம் வருத்தமாகக்கூட இருந்தது. எதற்கு வம்பு என்று இரண்டு செய்திக்கும் ஒரு சிவப்பு இதயம் போட்டேன். போதாக்குறைக்கு "புதுப் பங்கில் எல்லா ஆசீரும் கிடைக்கட்டும்" என்று வேறு எழுதினேன்.

புதன்கிழமை காலையில் கரண்ட் வந்தது. பத்து மணிக்குக் கணக்கு டீச்சர் கூப்பிட்டார். செம்பாக்கத்தில் முதல் மாடி வீடு அவருடையது. அழுகிறார்.

"மூணு பங்கும் போச்சுங்க. கரண்ட் வந்ததும் ஹை வோல்டேஜ். டிவியும் போச்சு, ஃபிரிட்ஜும் போச்சு."

"எந்த மூணு?"

"என்னுது, நர்ஸம்மாவுது, சாரோடது. பத்திரமா இருக்கட்டும்னு எங்க வீட்டு மாடிக்குக் கொண்டாந்து வெச்சாங்களே!"

விரல் விட்டு எண்ணினேன். மூன்று பங்கு போனால் மீதி மூன்று. நாலு வேண்டும். மூன்றை வைத்துக்கொண்டு எந்தக் கொம்பனாலும் ஒரு பாடத்தைக்கூட மீட்க முடியாது, அதுவும் அதே கணக்குத்தான் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தேர்வு.

கேம்ப் ரோட்டில் ஓர் ஆட்டோ நின்றது. "செம்பாக்கமா? ஏரி ரோட்ல முட்டி வரைக்கும் தண்ணி கீதுக்கா. வண்டி நின்னுச்சுன்னா பேஜாராப் பூடும்" என்றார் டிரைவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, குந்து. போற வரிக்கும் போலாம்" என்று ஏற்றிக்கொண்டார். கடைசி இரண்டு தெருவைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

கட்டில் மேல் மூன்று லேப்டாப்பும் வரிசையாக இருந்தன. மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகப்பட்டு, மேலே ஒரு செபமாலையும் போடப்பட்டிருந்தது. அறை முழுக்கக் கருகல் வாடை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தனித்தனியா வெக்கணும்னுதானே டீச்சர் இவ்வளவு பாடுபட்டோம்? ஒரே எடத்துல மூணையும் கொண்டாந்து அடுக்கலாமா?"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். "குரூப்ல சொல்லிட்டுத்தானே செஞ்சோம்? நீங்க ஹார்ட் போட்டீங்களே!"

போனை எடுத்துப் பார்த்தேன். என் பங்கை மாத்திட்டேன். என் பங்கும் இனி செம்பாக்கமே. அந்த இரண்டு வரிகளும் இப்போது வேறு மாதிரி வாசித்தன. கீழே என் இரண்டு இதயங்கள். ஒரே அலமாரியில் இரண்டு பங்கை வைக்காதே என்பது ஆபீஸில் நாங்கள் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லும் முதல் விதி. அந்த விதியை மீறுகிறோம் என்று என்னிடம் சொல்லிவிட்டே மீறியிருக்கிறார்கள், நான் ஆசீர்வாதம் பண்ணி அனுப்பியிருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது. டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன், மூன்றையும் கோணிப்பையில் கட்டித் தூக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அவளுக்குப் போன் செய்தேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"எத்தனை இருக்குக்கா இப்ப?"

"மூணு."

"நாலு வேணும்ல?"

"ஆமா."

ஆஸ்பத்திரி போர்டில் அடித்த மணியை எடுத்து யாருக்கோ இணைப்புக் கொடுத்துவிட்டு வந்தாள். "என் நோட்ஸும் அதுலதான் இருக்கு" என்றாள். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

என் கணவர் ஸ்க்ரூ டிரைவர் கொண்டு வந்தார். மூன்றையும் பிரித்து ஹார்ட் டிஸ்க்கைத் தனியே எடுத்தோம். வேறு கேபிளில் மாட்டி ஒவ்வொன்றாக உசுப்பினேன். முதலாவது பேச்சு மூச்சே இல்லை. இரண்டாவது சுற்றியது! கொஞ்ச தூரம் ஒழுங்காகப் படித்தது, அப்புறம் முரண்டு பிடித்தது, மறுபடி படித்தது. நடுநடுவே சொத்தை. மூன்றாவதும் அதே கதை, பாதிக்குப் பாதி சொத்தை.

"அப்ப அவ்வளவுதானா?" என்றார் கணவர். "நாலாவதா முழுசா ஒண்ணு வேணும்னியே, ரெண்டுமே முழுசு இல்லையே."

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு துள்ளி எழுந்தேன், மடியிலிருந்த ஸ்க்ரூவெல்லாம் தரையில் சிதறி ஓடியது. முழுசாக எதற்கு வேண்டும்? மொத்த மலையையும் ஒன்றாகச் சேர்த்தா வெட்டினேன்? ஒவ்வொரு பாடத்தையும், ஒவ்வொரு குறிப்பையும் தனித்தனியாக அல்லவா ஆறாக வெட்டினேன்! ஆக ஒரு பாடத்துக்கு அந்தப் பாடத்தின் நாலாவது பங்கு ஒன்று கிடைத்தால் போதும். அது இந்த டிஸ்க்கில் சொத்தையாக இருந்தால் அந்த டிஸ்க்கில் நன்றாக இருக்கலாம். இரண்டு நொண்டிகளும் ஒரே இடத்திலா நொண்டும்? என் கணவருக்குப் புரிந்ததோ இல்லையோ, என்னோடு சேர்ந்து அவரும் குதித்தார்.

குரோம்பேட்டையிலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் நல்ல பங்குகள் வந்து சேர வியாழக்கிழமை ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை அவள் லீவு போட்டுவிட்டு ரயிலேறித் தாம்பரம் வந்தாள். கணவர் ஸ்கூட்டரில் போய் அழைத்து வந்தார். டீச்சரும் வந்துவிட்டார். ஒவ்வொரு பாடமும் மீண்டதும் அதன் பெயரை லேப்டாப் வாய்விட்டுச் சொல்லும்படி அவளுக்காக ஏற்பாடு செய்திருந்தேன். எங்கள் ஹாலில் நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"சிந்துவெளி நாகரிகம். கிடைத்தது." டீச்சர் கை தட்டினார். "சிந்துவெளி, குறிப்பு. கிடைத்தது." அவள் மடியில் விரலை மடக்கினாள். "சங்ககாலச் சமூகம். கிடைத்தது." பல்லவர் வந்தார்கள். பாண்டியர் வந்தார்கள். ஒவ்வொரு கிடைத்ததுக்கும் டீச்சர் தட்டிய தட்டலில் கை சிவந்துபோனது. தன் குரலில் பதிந்த குறிப்புகள் ஒவ்வொன்றாக வர வர அவள் முகம் மலர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் பார்த்த வேலையிலேயே இதுதான் வேலை என்று தோன்றியது. டீ ஆறிப்போனது, கணவர் மறுபடி போட்டார், அதுவும் ஆறிப்போனது.

கடைசிக்குக் கிட்டே வந்து லேப்டாப் சற்றுத் தயங்கியது.

"குடவோலை முறை. கிடைக்கவில்லை."

மூன்று முறை திரும்ப ஓட்டினேன். கிடைக்கவில்லை. அந்த ஒரு பாடத்தில் மட்டும் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே சொத்தை. மற்ற அத்தனையும் வந்துவிட்டது, இது ஒன்றுதான் போக்கு. அது நான் வாசித்த பாடம். புத்தகம் பெருங்களத்தூர் சார் வீட்டில் இருந்தது, அங்கே லிஃப்ட் வரை தண்ணீர்.

"நாளைக்கு எப்படியாவது புத்தகத்தைப் புடிச்சு வாசிச்சுத் தரேன்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். "எதுக்குக்கா? ரெக்கார்டரை ஆன் பண்ணுங்க."

நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டாள். வந்தது அவள் குரல்தான், ஆனால் வேகம் என்னுடையது, மூச்சு வாங்கும் இடங்கள் என்னுடையவை. வாரியத்துக்கு நிற்கிறவர் முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும் என்றாள். கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு என்றாள். உத்திரமேரூர்க் கல்வெட்டை ஒரு சொல் பிசகாமல் கடந்தாள். வாரியங்களுக்கு வந்தாள்.

"சம்வத்சர வாரியம். தோட்ட வாரியம். ஏரி வாரியம். ஏங்க, கேஸை அணைங்க, பால் பொங்குது! பொன் வாரியம்."

என் கணவர் அலறியடித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடிவிட்டார்.

டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் அதைப் பதிவிலிருந்து வெட்ட மறந்திருக்கிறேன், இரண்டு வருஷமாக எனக்குத் தெரியாது. "இதை ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா எடுத்துடுவீங்களே. ஏரி வாரியத்துக்கு அப்புறம் பால் பொங்கும், பால் பொங்கினா பொன். அதை வெச்சுத்தான்க்கா எனக்கு வரிசையே ஞாபகம்."

சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டேன். டீச்சர் ரெக்கார்டரைக் கையில் வாங்கிக்கொண்டார். அவள் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, பாடத்தை முடித்துவிட்டுத்தான் தண்ணீர் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வந்தது. பின்னணியில் ஜிஎஸ்டி ரோட்டு ஹாரன் சத்தம். ஹலோகூடச் சொல்லவில்லை.

"அக்கா, வாரியத்து வரிசை கேட்டிருந்தான்க்கா! பால் பொங்கிடுச்சு!"

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் பதறிப்போய்ப் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார்.